முதலில் விழக் கற்றுக்கொள்வோம்!

அடுத்த வாரம் முதல் உங்கள் பள்ளியில் விளையாட்டுப் பாடவேளையில் ஜூடோ கற்றுத் தரப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் என்ன நடக்கும்? எதிரியைத் தூக்கி எறியும் பிடியை ஆசிரியர் சொல்லித் தருவார் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்?

ஏமாந்து போவீர்கள். ஆசிரியர் உங்களைப் பாயில் மல்லாந்து படுக்கச் சொல்வார். முகவாயை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, இரு கைகளாலும் பாயைப் 'பட்'டென்று அடிக்கச் சொல்வார். பிறகு உட்கார்ந்த நிலையிலிருந்து பின்பக்கம் சாய்ந்து அதையே செய்யச் சொல்வார். பிறகு குந்திய நிலையிலிருந்து. அன்று முழுவதும் இதுதான். அடுத்த வகுப்பிலும் இதுதான்.

"சண்டை கற்க வந்தால் விழக் கற்றுத் தருகிறாரே!" என்று உங்களுக்குச் சலிப்பு வரலாம். ஆனால் இந்த விழும் பாடத்துக்குள் விசை, வேகம், அழுத்தம், ஈர்ப்பு மையம் என்று உங்கள் இயற்பியல் புத்தகத்தின் பல பாடங்கள் ஒளிந்திருக்கின்றன. அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. இந்தப் பாடத்தைச் சரியாகக் கற்காததால் உயிரிழந்த மாணவர்கள் உண்டு. அதனால்தான் இதைப் பற்றி நாம் சற்று விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளிக்கு வந்த தற்காப்புக் கலை

ஜூடோவை உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த கானோ ஜிகோரோ (1860–1938). இவர் போர் வீரர் அல்லர், பள்ளி ஆசிரியர். உடலில் சிறியவர். இளமையில் வலுத்த பையன்களிடம் துன்பப்பட்டவர். ஜுஜுட்சு என்ற பழைய மற்போர்க் கலையைப் பல ஆசான்களிடம் கற்றார். அதில் ஆபத்தான பிடிகளையும் அடிகளையும் மாணவர் பயிற்சியிலிருந்து விலக்கினார். மீதமுள்ளவற்றை ஒழுங்குபடுத்தி, 1882-இல் டோக்கியோவில் ஒரு கோயிலில் 12 பாய் விரித்த சிறு கூடத்தில் கற்றுத்தரத் தொடங்கினார். அந்தப் பயிற்சிக்கூடத்தின் பெயர் கோடோகான்.

வேறொருவர், ஒகினாவாத் தீவைச் சேர்ந்த இட்டோசு அன்கோ. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தேயைத் தம் ஊர்ப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தார். சிறுவர்களுக்கென்றே எளிய பயிற்சி வரிசைகளை அமைத்தார். ஆக, பெரியவர்களின் போர்க்கலையை அப்படியே பிள்ளைகளுக்குத் தர முடியாது, மாற்றித்தான் தர வேண்டும் என்பதை இருவருமே உணர்ந்திருந்தார்கள்.

ஜப்பானின் நடுநிலைப் பள்ளிகளில் 1911-இல் ஜூடோவுக்கும் வாள்பயிற்சியான கெண்டோவுக்கும் இடம் கிடைத்தது. 1931-இல் அவை கட்டாயமாயின. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் தோற்றதும், 1945-இல், போர் வெறியை வளர்ப்பவை என்று கூறிப் பள்ளிகளில் அவை தடை செய்யப்பட்டன. 1950-இல் ஜூடோ ஒரு விளையாட்டாக மீண்டும் பள்ளிக்கு வந்தது. பின்னர், 2012 ஏப்ரல் முதல், கீழ்நிலை உயர்பள்ளிகளின் முதல் இரண்டு வகுப்புகளில் மாணவர், மாணவியர் அனைவருக்கும் ஏதேனும் ஒரு தற்காப்புக் கலை கட்டாயப் பாடமாயிற்று. அந்த வயது ஏறத்தாழ 12 முதல் 14. பெரும்பாலான பள்ளிகள் ஜூடோவையே தேர்ந்தெடுத்தன.

இலட்சக்கணக்கான பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கவிழ்க்கப் போகிறார்கள் என்றால், அத்தனை பேரும் விழப்போகிறார்கள் என்றுதானே பொருள்? அங்கேதான் அறிவியல் வருகிறது.

சிறியவர் பெரியவரைக் கவிழ்ப்பது எப்படி?

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். சுவரில் முதுகும் குதிகால்களும் ஒட்டும்படி நில்லுங்கள். கால் விரல்களிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு நாணயத்தை வையுங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து அதை எடுங்கள் பார்க்கலாம்! முடியாது. முன்பக்கம் தள்ளாடுவீர்கள்.

ஏன் தெரியுமா? நம் உடலின் ஈர்ப்பு மையம் தொப்புளை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. அதிலிருந்து நேர்கீழே ஒரு கோடு வரைந்தால், அந்தக் கோடு நம் இரு பாதங்களுக்கு இடைப்பட்ட பரப்புக்குள் விழ வேண்டும். வெளியே போனால் நாம் விழுவோம். சாதாரணமாகக் குனியும்போது நம் இடுப்பு தானாகப் பின்னே போய்ச் சமநிலையைக் காக்கிறது. சுவர் அதைத் தடுத்துவிடுகிறது.

ஜூடோவின் அடிப்படை இதுதான். எதிரியின் எடையைத் தூக்க வேண்டியதில்லை. அவருடைய ஈர்ப்புக் கோட்டைப் பாதங்களுக்கு வெளியே கொண்டுபோனால் போதும். அவர் தள்ளினால் நாம் இழுக்க வேண்டும். அவர் இழுத்தால் நாம் தள்ள வேண்டும். அவருடைய விசையும் நம் விசையும் ஒரே திசையில் சேர்ந்துவிடும். மீதியைப் பூமி பார்த்துக்கொள்ளும்!

ஒசோட்டோகரி என்று ஒரு பிடி உண்டு. எதிரியின் மார்பைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே, அவருடைய காலை நம் காலால் முன்பக்கமாக வாரிவிட வேண்டும். மேலே ஒரு திசையில் ஒரு விசை, கீழே எதிர்த் திசையில் ஒரு விசை. தண்ணீர்க் குழாயின் திருகை இரு விரல்களால் திருப்புகிறோமே, அதே தத்துவம். எதிரியின் உடல் சுழன்று மல்லாந்து விழும். இந்தப் பிடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் இதைச் சந்திக்கப் போகிறோம்.

எவ்வளவு வேகத்தில் விழுகிறோம்?

உங்கள் உயரம் 1.5 மீட்டர் என்று கொள்வோம். அந்த உயரத்திலிருந்து ஒரு பந்தைக் கீழே விட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 5.4 மீட்டர். அதாவது மணிக்கு 19 கிலோமீட்டருக்கும் மேல். சைக்கிளை நன்றாக மிதிக்கும் வேகம் அது.

உடலை விறைப்பாக வைத்துக்கொண்டு, வெட்டிய மரம் போலச் சாய்ந்தால் என்ன ஆகும்? நிலைமை இன்னும் மோசம்! நிமிர்த்தி வைத்த ஒரு கம்பு, அடி நகராமல் சாய்ந்து விழும்போது, அதன் நுனி தனியே விழும் பொருளைவிட அதிக வேகத்தில் தரையை அடைகிறது. 1.5 மீட்டர்க் கம்பானால் நுனியின் வேகம் விநாடிக்கு 6.6 மீட்டர், மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டர். உடலில் அந்த நுனியில் இருப்பது எது? தலை!

நம்ப முடியவில்லையா? ஒரு மீட்டர் அளவுகோலின் ஒரு முனையை மேசையின் மேல் சுவரோடு ஒட்டி வையுங்கள். மறுமுனையை 30 சென்டிமீட்டர் உயர்த்தி, அந்த முனையின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அளவுகோலை விட்டுவிடுங்கள். அளவுகோலின் முனை நாணயத்தை முந்திக்கொண்டு கீழே போவதைக் காண்பீர்கள். நாணயம் பின்தங்கி, தனியே வந்து விழும்.

ஆகவே விழும்போது மரம் போல விறைக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, முதுகை வளைத்து உடலைச் சுருக்க வேண்டும். ஆசிரியர் முதலில் படுத்தும் உட்கார்ந்தும் பழகச் சொல்வதற்குக் காரணமும் இதுவே. உட்கார்ந்திருக்கும்போது தலையின் உயரம் ஏறத்தாழப் பாதி. விழும் ஆற்றலும் பாதிதான். தவறு செய்தாலும் பெரிய ஆபத்து இல்லை.

நிற்கும் தூரம்தான் எல்லாம்

விழுவதால் அடிபடுவதில்லை, விழுந்தது திடீரென்று நிற்பதால்தான் அடிபடுகிறது. கிரிக்கெட் விளையாடும்போது வேகமாக வரும் பந்தைப் பிடித்தவுடன் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும் நேரமும் கூடுகின்றன. கையில் விழும் விசை குறைகிறது.

இதைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. விழுந்த உயரத்தை, நிற்பதற்கு ஆன தூரத்தால் வகுத்துவிடுங்கள். பொருளின் எடையைப் போல் எத்தனை மடங்கு விசை அதன் மேல் விழுகிறது என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும்.

தலையின் நிறை 4 கிலோகிராம் என்று கொள்வோம். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து வந்து சிமென்ட் தரையில் மோதி, அரை சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், 150-ஐ அரையால் வகுக்க வேண்டும். விடை 300. அதாவது 4 கிலோ தலையின் மேல் 1200 கிலோ எடைக்குச் சமமான விசை! சுமார் 500-இல் ஒரு பங்கு விநாடிக்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிடுகிறது.

இப்போது ஜூடோ பாயின் மேல் விழுவதாகக் கொள்வோம். பழங்காலத்தில் நெல் வைக்கோலை அடர்த்தியாக அடுக்கிச் செய்த பாய்கள் இருந்தன. இக்காலத்தில் நுரைப்பொருள் பாய்கள் வந்துவிட்டன. பாய் 2 சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால், 150-ஐ 2-ஆல் வகுக்க 75 கிடைக்கிறது. 1200 கிலோ, 300 கிலோவாகக் குறைந்துவிட்டது.

நல்ல லாபம்தான். ஆனால் சற்று நில்லுங்கள். 300 கிலோ என்பது சிறிய விசையா? இல்லவே இல்லை. ஆகவே பாய் விரித்திருக்கிறது என்பதற்காகத் தலை அதில் மோதலாம் என்று எண்ணக் கூடாது. பாய் முதுகுக்கும் தோளுக்கும்தான். தலை தரையைத் தொடவே கூடாது. இதுதான் விழும் கலையின் முதல் விதி.

கை ஏன் பாயை அடிக்கிறது?

விழும் கலைக்கு ஜப்பானிய மொழியில் உகெமி என்று பெயர். அதன் ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் இருக்கிறது.

வழுக்கி விழும்போது நாம் என்ன செய்கிறோம்? அறியாமலே கையைத் தரையில் ஊன்றுகிறோம். உடலின் மொத்த விசையும் உள்ளங்கை அளவே உள்ள இடத்தின் வழியாக மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறுகிறது. எலும்பு முறிவு மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். "கையை ஊன்றி விழுந்தேன்" என்று வரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொல்வார்.

அழுத்தம் என்பது ஓர் அலகுப் பரப்பின் மேல் விழும் விசை என்று படித்திருக்கிறீர்கள். அதே விசையை அதிகப் பரப்பில் பரப்பிவிட்டால் அழுத்தம் குறையும். உகெமியில் முன்கை, உள்ளங்கை, மேல்முதுகு, தோள் எல்லாம் சேர்ந்து பாயைத் தொடுகின்றன. கையை உடலிலிருந்து சற்றே விலக்கி, முழங்கை முதல் விரல்வரை தட்டையாக அடிக்கிறோம். இதனால் இரண்டு நன்மைகள். விசையில் ஒரு பங்கைக் கை ஏற்றுக்கொள்கிறது. அத்துடன், கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டதால் அது தானாகப் பின்னே போய் ஊன்றிக்கொள்ளும் பழக்கம் மறைகிறது.

முதுகை வளைப்பது ஏன்? தட்டையான பலகை தரையில் விழுந்தால் 'தொம்'மென்று ஒரே நொடியில் நின்றுவிடும். சக்கரம் விழுந்தால் உருண்டு போகும். வளைந்த முதுகும் சக்கரம் போல இடுப்பிலிருந்து தோள்வரை படிப்படியாகத் தரையைத் தொடுகிறது. நிற்கும் நேரம் கூடுகிறது.

முகவாயை மார்போடு ஒட்டுவது ஏன்? தலை பின்னுக்குச் சாயாமல் இருக்க. "உன் இடுப்புக் கச்சையின் முடிச்சைப் பார்!" என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். முடிச்சைப் பார்த்துக்கொண்டே விழுபவனின் பின்மண்டை தரையில் மோதாது. இதற்குக் கழுத்துத் தசைகள் வலுவாக இருக்க வேண்டும். வளரும் பிள்ளைகளின் கழுத்து பெரியவர்களின் கழுத்தைவிட மெலிந்தது. எனவேதான் கழுத்துப் பயிற்சியும் பாடத்தில் சேருகிறது.

தலைக்குள் ஒரு கிண்ணம்

இனி மிக முக்கியமான செய்திக்கு வருவோம். தலை எதிலும் மோதாவிட்டாலும் மூளைக்கு ஆபத்து வரலாம் என்றால் நம்புவீர்களா?

ஒரு வட்டக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். அதில் ஒரு வேப்பிலையை மிதக்க விடுங்கள். இலைக்கு நேராகக் கிண்ணத்தின் விளிம்பில் சாக்குக் கட்டியால் ஓர் அடையாளம் இடுங்கள். இப்போது கிண்ணத்தைச் சட்டென்று கால் சுற்று திருப்புங்கள். அடையாளம் நகர்ந்துவிட்டது. இலை? ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது! இதற்குக் காரணம் நிலைமம். இலையையும் விளிம்பையும் ஒரு மெல்லிய நூல் இணைத்திருந்தால் அது என்ன ஆகியிருக்கும்? இழுபட்டு அறுந்திருக்கும்.

நம் மூளையும் மண்டை ஓட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்தபடி இருக்கிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து அதன் தடித்த வெளியுறைக்கு மெல்லிய சிரைகள் செல்கின்றன. இரு கரைகளை இணைக்கும் பாலம் போல இருப்பதால் இவற்றைப் பாலச் சிரைகள் எனலாம். தலை மிக வேகமாகச் சுழன்று சட்டென்று நின்றால், மண்டை ஓடு நின்றுவிடும். மூளை சற்றுத் தாமதித்தே நிற்கும். அந்தச் சிரைகள் இழுபடும். சில சமயம் அறுந்துவிடும். கசியும் இரத்தம் உறைக்கு அடியில் தேங்கி மூளையை அழுத்தும். உடனே அறுவை செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஒசோட்டோகரிப் பிடி நினைவிருக்கிறதா? அதில் உடல் பின்பக்கமாகச் சுழன்று விழுகிறது. விழுபவருக்குத் தரை கண்ணில் படாது. பழகாத மாணவன் முகவாயை ஒட்ட மறந்தால், தலை ஒரு கம்பின் நுனிபோல் வீசப்படும். ஜப்பானியப் பள்ளிகளில் நேர்ந்த கடுமையான தலைக்காயங்களில் மிகுதியானவை இந்தப் பிடியால் நேர்ந்தவையே.

ஜப்பான் கற்ற பாடம்

2012-இல் ஜூடோ கட்டாயமாகப் போகிறது என்றதும் ஜப்பானில் பலர் கவலைப்பட்டார்கள். நகோயா பல்கலைக்கழகத்தின் கல்விச் சமூகவியலாளர் உச்சிதா ரியோ, பள்ளி விபத்துகளுக்கு இழப்பீடு வழங்கப்பட்ட பதிவேடுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். 1983 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகளில், பள்ளிகளில் ஜூடோவால் இறந்த மாணவர்கள் 100-க்கும் அதிகம் என்று தெரியவந்தது. விபத்தில் பிள்ளைகளை இழந்த பெற்றோரும், பிள்ளைகள் ஊனமுற்ற பெற்றோரும் 2010-இல் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தார்கள்.

அந்தப் பதிவேடுகள் சொன்ன செய்தி என்ன? பெரும்பாலான மரணங்கள் பாடவேளையில் அல்ல, மாலைநேர ஜூடோ மன்றங்களில் நேர்ந்தவை. இறந்தவர்களில் மிகுதியானோர் புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள். முக்கியக் காரணம் தலைக்காயம். தற்செயல் என்றால் எல்லா வகுப்பிலும் சமமாக அல்லவா நேர வேண்டும்? புதியவர்களையே தேடி வரும் விபத்து, தற்செயல் அல்ல. கற்றுத்தரும் முறையில் குறை என்பதே அதன் பொருள்.

ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 2012 மார்ச்சில் பாதுகாப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. விழும் பயிற்சி நன்றாகப் படியும் முன் எறியும் பிடிகளுக்குத் தாவக் கூடாது. தலையில் அடிபட்ட ஐயம் இருந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பன போன்ற செய்திகள் வலியுறுத்தப்பட்டன. அதற்குப் பின் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அடியோடு நின்றுவிடவில்லை. விழிப்பு தளரும் இடத்தில் விபத்து மீண்டும் வந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டிலும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் வழியே அரசுப் பள்ளி மாணவியருக்குத் தற்காப்புப் பயிற்சிகள் அளிக்கப்பட்டிருக்கின்றன. தமிழகத்தில் கராத்தேயும் சிலம்பமும் பல பள்ளிகளின் மைதானங்களுக்கு வந்துவிட்டன. உங்கள் பள்ளியிலும் இத்தகைய வகுப்பு நடந்தால், கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. விழும் பயிற்சியைக் கட்டாயம் பாயின் மேல், ஆசிரியர் அருகில் இருக்கும்போதே செய்யுங்கள். வீட்டுத் தரையிலும் மொட்டை மாடியிலும் முயலாதீர்கள்.

2. பாய்களுக்கு இடையே இடைவெளி இருந்தால் கால் விரல் சிக்கிக்கொள்ளும். தொடங்கும் முன் ஒட்டிப் போடுங்கள்.

3. எடையிலும் பழக்கத்திலும் ஒத்தவர்களே இணையாக வேண்டும்.

4. வலித்தால் இணையாளியின் உடலிலோ பாயிலோ இருமுறை தட்டுங்கள். தட்டியவுடன் அவர் விட்டுவிட வேண்டும். தட்டுவது தோல்வி அல்ல.

5. தலையில் அடிபட்ட பின்போ, தலை வேகமாக உலுக்கப்பட்ட பின்போ தலைவலி, வாந்தி, மயக்கம், பேச்சில் தடுமாற்றம் ஏதேனும் தோன்றினால், உடனே ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். "இன்னும் இரண்டு பிடி போட்டுவிட்டுப் போகலாம்" என்பது கூடவே கூடாது. காயம் ஆறாத மூளைக்கு இரண்டாவது அடி மிகவும் ஆபத்தானது.

6. நண்பன் தலைவலி என்று சொன்னால் கேலி செய்யாதீர்கள். நீங்கள் ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள்.

இவற்றைப் படித்துவிட்டு ஜூடோ என்றாலே பயம் கொள்ள வேண்டாம். உலகெங்கும் இலட்சக்கணக்கான சிறுவர் சிறுமியர் அதைப் பாதுகாப்பாகக் கற்று மகிழ்கிறார்கள். விழத் தெரிந்தவருக்கு அந்தப் பழக்கம் சைக்கிளிலிருந்து சரியும்போதும், மழைநாளில் படிக்கட்டில் வழுக்கும்போதும் கைகொடுக்கும். கானோ தம் மாணவர்களுக்கு வலியுறுத்திய இரண்டு கொள்கைகளில் ஒன்று, ஆற்றலைச் சிறந்த முறையில் பயன்படுத்துவது. மற்றொன்று, தானும் பிறரும் சேர்ந்து நலம் பெறுவது. நீங்கள் எறியும் நண்பன் நாளையும் உங்களோடு விளையாட வர வேண்டும் அல்லவா? அவனைப் பாயில் இறக்கும்போது அவனுடைய சட்டைக் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அவனுடைய தலையைக் காப்பது, எறிகிற உங்கள் பொறுப்பும்தான்.